கொசு உள்ளானுக்குத் தாய்மாமன் மடி

அன்று காலை கடற்கரையில் இருந்தவர்கள்: நல்லகாமனாகிய நான், என் தம்பி அழகுபாண்டி, எங்கள் தங்கை தங்கப்பொண்ணு, அவள் கணவர் மொக்கையன், அவர்களுடைய ஒரே மகள் சரண்யாதேவி, அவளுக்கு மேலதிகாரியான கிரிதரன். பறவையையும் சேர்த்தால் ஏழு. நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிகிற மற்ற யாரும் அங்கே இல்லை. வேன் டிரைவர்கள் இருவரும் வேனிலேயே தூங்கிவிட்டார்கள்.

சரண்யாதேவி பறவை ஆராய்ச்சியில் வேலை பார்க்கிறாள். ஐப்பசியில் வடக்கே குளிர் கடுமையாகும்போது எந்தெந்த நாட்டிலிருந்தோ பறவைகள் வலசை வந்து நம் கடற்கரையில் இறங்கும். அவற்றை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, எடை பார்த்து விட்டுவிடுவார்கள். பிறகு வேறு எங்கேனும் அது அகப்பட்டால் போன வழி தெரியும். இவ்வளவு நாள் கூட நின்று கற்றுக்கொண்டவள், தன் கையால் முதன்முதலாக வளையம் மாட்டப்போவதாகப் போனில் சொன்னாள்.

"வந்து பாருங்க மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதி எனக்குத் தெரியும்.

எங்கள் வகையறாவில் ஒரு பிள்ளையின் உடம்பில் முதன்முதலாக உலோகம் ஏறும்போது அது தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். காதுகுத்து அப்படித்தான் நடக்கிறது. பறவை எங்கள் வீட்டுப் பெண்ணின் கைக்கு வருகிறது. ஆகவே அது அவள் பிள்ளை. அவளுக்கு உடன்பிறந்த ஆண் இல்லாததால் அந்த இடத்தில் அவளுடைய தாய்மாமன் நிற்க வேண்டும். அவளுக்குத் தாய்மாமன்கள் இருவர். மூத்தவன் நான்.

இதில் தகராறு வர இடமே இல்லை. ஆனால் வருகிற தையில் அவளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்குள் யாருடைய சீர்த்தட்டு முதலில் நுழைவது என்பதில் எனக்கும் அழகுபாண்டிக்கும் ஆடியிலிருந்து பேச்சு இல்லை. சரண்யாவுக்குக் காது குத்தியபோது நான் ராணுவத்தில் இருந்தேன், லீவு கிடைக்கவில்லை. அவன் மடியில் உட்கார வைத்தார்கள். அந்த ஒரு மடியை வைத்துக்கொண்டு இன்றுவரை மூத்தவன் மாதிரி நடக்கிறான். மொக்கையன் எங்கள் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, "பறவைய மடியில வாங்குற மச்சான் தட்டுதான் கல்யாணத்துல முதல்ல" என்று சொல்லிவிட்டார்.

மதுரை ஆனையூரிலிருந்து வேனில் தட்டுகளோடு புறப்பட்டு, ராமநாதபுரம் தாண்டி, விடியும்போது கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இன்னொரு வேன் நின்றது. அதில் என்னைவிட இரண்டு தட்டு கூடுதலாக இருந்தது.

கிரிதரன் சேற்றில் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"கதவ மெதுவா சாத்துங்க சார், பறவைக் கூட்டம் மேயுது. இந்தத் தட்டெல்லாம் எதுக்கு?"

"சீர்."

"யாருக்கு?"

"இன்னும் வலையில விழல" என்றேன்.

கால் பவுனில் வளையம் செய்து கொண்டுவந்திருப்பதைக் காட்டினேன். எண் போட்ட வளையத்தைத் தவிர வேறு எதுவும் போடக் கூடாது என்றார். அது முறைதான் என்று பையில் வைத்துக்கொண்டேன். தேங்காய் உடைக்கவும் கூடாது என்றார். அதையும் ஏற்றுக்கொண்டேன்.

சற்று நேரத்தில் சரண்யா வலையிலிருந்து ஒரு பறவையை எடுத்து வந்தாள். கொசு உள்ளான் என்றாள். காய்ந்த சேற்று நிறத்தில் முதுகு, வெள்ளை வயிறு, குச்சி போல் கறுத்த கால்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அவ்வளவு தூரம் பறந்து வந்ததென்று நம்ப முடியாத உடம்பு. ஆனாலும் பார்வையில் ஒரு நிமிர்வு இருந்தது.

நான் துண்டை உதறி மடியில் விரித்தேன். அழகுபாண்டியும் விரித்தான்.

"பறவைய மடியில விட முடியாது சார். கையிலதான் இருக்கணும்" என்றார் கிரிதரன்.

"கை எங்க இருக்கணும்னு சட்டம் இருக்கா?"

"இல்ல" என்றார். "ஆனா சீக்கிரம் முடிக்கணும். பறவை வாயத் தொறந்து மூச்சு வாங்குச்சுன்னா அப்பவே விட்ருவேன். சீர் பாதியில நின்னாலும் சரி."

நியாயமான மனிதர்.

"ரெண்டு பேரும் ஸ்டூல ஒட்டிப் போடுங்க" என்றாள் சரண்யா. "முழங்காலுக்கு முழங்கால் இடிக்கணும். நடுவுல கைய வச்சுக்கிறேன். யாராச்சும் ஆடுனீங்க, எந்திரிச்சுப் போயிருவேன்."

உட்கார்ந்தோம். முழங்கால்கள் தொட்டன.

"ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்து எம்புட்டு நாளாச்சு" என்றாள் தங்கப்பொண்ணு. "பெத்த தாய் சாவுக்குக்கூட ஆளுக்கொரு பந்தலு. இதுக்கு ரஷ்யாவுல இருந்து ஒண்ணு பறந்து வரணும்னு இருந்திருக்கு."

சரண்யா கீழே மண்டியிட்டு, எங்கள் இரு தொடைகளின் மேலும் கையை வைத்தாள். இடுக்கியால் வளையத்தைக் காலில் வைத்து அழுத்தினாள். பறவை சத்தமே போடவில்லை. இவளுக்குக் காது குத்தியபோது அடுத்த ஊர்வரை கேட்டதாக எனக்குக் கடிதம் வந்தது. பறவை செய்ததெல்லாம் எச்சமிட்டதுதான்.

பிறகு அதைத் துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டாள். இருபத்திநாலு கிராம்.

"மூணு பவுன்" என்றார் மொக்கையன். "மாப்ள வீட்ல கேட்டதுக்கு இது காணாது."

தண்ணீர் ஓரத்தில் சரண்யா கையைத் திறந்தாள். பறவை தாழப் பறந்து கூட்டத்தில் சேர்ந்தது. நாங்கள் எழுந்து நின்றோம். அவள் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. அவளைப் பாராட்ட நான் வாயெடுப்பதற்குள் அழகுபாண்டி முந்திக்கொண்டான்.

"அண்ணே, தலை எம் மடியில இருந்துச்சு. தலை இருந்த மடிதான் மடி. காது தலையிலதான இருக்கு."

மூன்று மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. நான் நிதானமாகவே பதில் சொன்னேன்.

"இது காதுகுத்து இல்ல தம்பி. வளையம் ஏறுனது கால்ல. கால் எம் மடியில இருந்துச்சு."

அவன் கிரிதரனைப் பார்த்தான்.

"கால்லதான் சார் போட்டோம்" என்றார் கிரிதரன்.

மொக்கையன் என் பக்கம் திரும்பினார். "பெரிய மச்சான் தட்டுதான் முதல்ல" என்றார்.

"அப்ப அடுத்த பறவை?" என்று அழகுபாண்டி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"சின்ன மாமா, எந்திரிங்க. அது தராசு வைக்கிற ஸ்டூலு" என்றாள் சரண்யா.

பழங்களைப் பகிர்ந்து சாப்பிட்டோம். வெயில் ஏறும்வரை அவள் பறவைகளுக்கு வளையம் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே பார்த்தேன். உடைக்காத தேங்காய்களோடு இரண்டு வேன்களும் மதுரைக்குத் திரும்பின. என் வேன் முன்னால் வந்தது.

இப்போது கே.கே. நகரில் அழகுபாண்டியின் ஆட்கள் ஒன்று சொல்லிவருகிறார்கள். வளையம் மாட்டியதும் உள்ளான் தானாக அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவனைப் பார்த்து மூன்று முறை கத்தியதாம். அது யார் மடியிலும் உட்காரவில்லை. யாரைப் பார்த்தும் கத்தவில்லை. எச்சமிட்டது என் வேட்டியில்.