இடிமகளின் பெட்டியில் மண்பொம்மை

பெட்டியைத் திறந்த அமிர்தலிங்கத்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

உள்ளே இடிமகள் இல்லை. அவள் படுத்திருக்க வேண்டிய பஞ்சின் மேல் ஒரு மண்பொம்மை மல்லாந்து கிடந்தது. கண்ணுக்கு இரண்டு குழி, வாய்க்கு ஒரு கீறல், நெற்றியில் காய்ந்துபோன மஞ்சள். கைக்குழந்தை மாதிரி ஒரு பொம்மை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீட்டின் முன்னறையிலேயே போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன் அமிர்தலிங்கம். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுப்பான். ஆனால் அவன் உயிர் இருந்தது ஸ்டூடியோவின் கண்ணாடி அலமாரியில். சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்றில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் படக்கதை வீரர்கள் அதில் நின்றார்கள். தலைவன் வஜ்ரபாகு, அவன் படையில் மொத்தம் ஏழு பேர். கை மடங்கும், கால் மடங்கும், முதுகில் நிஜத் துணியில் போர்வை பறக்கும். பிளாஸ்டிக்தான். ஆனால் கடைக்காரர் யாராவது “பிளாஸ்டிக்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அமிர்தலிங்கம் அந்தக் கடைப் பக்கமே அப்புறம் போகமாட்டான்.

ஆறு பேரைச் சேர்த்தாயிற்று. ஏழாவது, படையின் ஒரே பெண், நீலப் போர்வைக்காரி இடிமகள், அச்சில் ஊற்றி முதல் லாட் வெளியே வருகிற நேரத்தில்தான் இடி விழுந்தது. பொம்மை செய்யும் உரிமையைப் பத்திரிகைக்காரர்கள் சென்னைக் கம்பெனியிடமிருந்து பிடுங்கிப் பம்பாய்க் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய அச்சுகளை உடைத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். பம்பாய்க்காரன் பொம்மைகள் பொங்கலுக்குக் கடைக்கு வந்தன. வஜ்ரபாகுவுக்கு மீசையே இல்லை! போர்வையும் துணி இல்லை, முதுகோடு ஒட்டிய பிளாஸ்டிக். அமிர்தலிங்கம் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இழவு வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி வீட்டுக்கு வந்தான்.

ஆனால் அவனிடம் இடிமகள் இருந்தாள். ஐப்பசி மழையில் சென்னைக்கு ஓடி, கடை கடையாக ஏறி இறங்கி, கம்பெனி கிடங்கில் வேலை பார்த்த ஒருவனைப் பிடித்துக் கெஞ்சி வாங்கிவந்த இடிமகள். போட்டோ கலைஞன் என்பதால், தன் பொம்மை ஒவ்வொன்றின் இடது பாதத்திலும் ரீடச்சிங் தூரிகையால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான். இடிமகளுக்கும் வைத்து, தூசி படாமல் பெட்டியில் படுக்கவைத்திருந்தான்.

இப்போது பத்திரிகையில் அறிவிப்பு வந்திருந்தது: பழைய பொம்மைகள் ஏழும் ஒன்றாக நிற்கும் புகைப்படம் யாரிடமாவது இருந்தால் அனுப்பலாம், அவற்றுக்கு விடைகொடுக்கும் இதழின் அட்டையில் போடுகிறோம், எடுத்தவர் பெயரோடு. நாளைத் தபாலில் போனால்தான் உண்டு. கருப்புத் துணி கட்டி, விளக்கு வைத்து, கேமராவில் ஃபிலிம் ஏற்றி, கடைசியாகத்தான் பெட்டியைத் திறந்தான்.

மண்பொம்மை!

“சின்னதுரை!” என்று பல்லைக் கடித்தான்.

வேறு யார்? இந்த ஜில்லாவிலேயே இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொரு ஆள் அரியலூர் சின்னதுரைதான். ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். அவனிடமும் ஆறு இருக்கிறது, ஏழாவது இல்லை. போன மாதம் வந்தபோது இடிமகளைக் கையில் வாங்கிக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றான். எடுத்ததும் இல்லாமல் மண்ணைக் கொண்டுவந்து வைத்து நக்கல் வேறு!

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து புஷ்பவல்லி ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இரண்டரை வயசுக் கண்ணகி.

திறந்த பெட்டியைப் பார்த்ததும் புஷ்பவல்லியின் முகம் வெளுத்தது.

“ஏங்க, ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் சொல்றதை…”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? சின்னதுரைப் பய வேலை!” கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். மண்பொம்மையைச் சட்டைப் பைக்குள் திணித்தான். இதற்குள் கண்ணகி அலமாரிப் பக்கம் போய், வஜ்ரபாகுவை நோக்கி ஒரு விரலை நீட்டியிருந்தாள்.

“தொடாத! உடைஞ்சிரும்!”

குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. அந்த வீட்டில் அது கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். அமிர்தலிங்கம் அரியலூர் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தான்.

அரியலூர் ஸ்டேஷனில், வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான் சின்னதுரை.

“வாடா மாப்ளே! என்னடா இந்த நேரத்துல…”

அமிர்தலிங்கம் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். “எங்கடா என் பொம்மை?”

கூடை இறக்கிக்கொண்டிருந்த போர்ட்டர் மதுரைவீரன் வாயைப் பிளந்தான். “பொம்மையா? பொம்மைக்காங்க ரெண்டு பேரும் சட்டையைப் புடிக்கிறீங்க? மீசையை எடுத்துட்டு அடிச்சுக்குங்க சார், பாக்க நல்லாருக்கும்!”

அமிர்தலிங்கம் மண்பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தான். “இதை வச்சுட்டு அதை எடுத்துட்ட. திருட்டுப் பயலே! உன்னையெல்லாம் வூட்டுக்குள்ள விட்டேன் பாரு.”

திருட்டுப் பயலே என்ற சொல்லுக்குச் சின்னதுரை கண்ணை மூடித் திறந்தான். அடி வாங்கினவன் மாதிரிதான் இருந்தது. மண்பொம்மையைக் கையில் எடுத்து, அதன் நெற்றி மஞ்சளைப் பார்த்தான்.

“நீ வூட்ல கேட்டியா?”

“வூட்ல என்னத்தைக் கேக்கறது? புஷ்பாவுக்கு என்ன தெரியும்?”

“அவங்களுக்கு என்ன தெரியும்னு கேக்கறியா?” சின்னதுரை சிரித்தான். அதில் சிரிப்பே இல்லை. “மாப்ளே, நான் ஒரு ஆளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். என் வாயால சொல்லமாட்டேன். நீ திரும்பிப் போற ரோட்லயே ஐயனார் தோப்பு நிறுத்தத்துல எறங்கு. உள்ள போ. உன் இடிமகள் அங்கதான் நிக்கிறா.”

“நீ கொண்டுபோய் ஒளிச்சு வச்சியா?”

“போடா” என்றான் சின்னதுரை. மண்பொம்மையைத் துண்டில் சுற்றி, உடைந்துவிடாமல் அமிர்தலிங்கத்தின் கேமராப் பைக்குள் தானே வைத்தான். பிறகு சீட்டு ஒட்டக் குனிந்துகொண்டான். நிமிரவே இல்லை.

தோப்பில் நல்ல வெயில். அப்படியும் உள்ளே குளிர்ந்தது. ஒரு பெரிய மண்குதிரை காலைத் தூக்கியபடி நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே, சுற்றிலும், வேப்பமரத்து வேர்களுக்கு நடுவே, பார்த்த இடமெல்லாம் மண்பொம்மைகள். எல்லாம் கைக்குழந்தைகள். அதே குழிக் கண், அதே கீறல் வாய். சில புதுசு, சில மழையில் கரைந்து முகமே இல்லாமல் போனவை. அமிர்தலிங்கம் எதையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தான்.

அப்போதுதான் பார்த்தான். நீலம்!

மண்கூட்டத்துக்கு நடுவில், ஒரு கை இடுப்பிலும் ஒரு கை வானத்திலுமாக இடிமகள் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு. பறக்க வேண்டிய போர்வை வெயிலில் வெளுத்து, பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது.

“அடப்பாவி, வெயில்ல நிறுத்தியிருக்கானே!”

குதிரைக்கு அந்தப் பக்கம் ஒரு டிரான்சிஸ்டர் கிரிக்கெட் சொல்லிக்கொண்டிருந்தது. ஆள் தலை தெரியவில்லை. அமிர்தலிங்கம் எட்டி ஒரே பிடி. திருப்பிப் பாதத்தைப் பார்த்தான். இடது காலில் சிவப்புப் புள்ளி. அவனுடையதேதான்! கேமராப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். இப்போது கிளம்பினால் ராத்திரிக்குள் படம் எடுத்துவிடலாம். நாளைத் தபால். அட்டைப்படம். கீழே அவன் பெயர்.

“சார், பையில என்ன?”

குதிரைக் காலுக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். முப்பது முப்பத்தைந்து வயசு, காதில் பீடி, கையில் டிரான்சிஸ்டர். தோப்புப் பூசாரி, பாவாடை என்று பெயர். பொம்மை செய்து விற்பவனும் அவன்தான்.

“ஒண்ணுமில்ல. கேமரா.”

“கேமரா எனக்குத் தெரியுது சார். நீலமா ஒண்ணு உள்ள போச்சே, அது?”

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் அமிர்தலிங்கம் குரலை உயர்த்தினான். “அது என் பொம்மைய்யா! எவனோ திருடிட்டு வந்து இங்க வச்சிருக்கான்.”

பாவாடை டிரான்சிஸ்டரின் காதைத் திருகி அமர்த்தினான்.

“சார், இங்க நிக்கிறது எதுவும் பொம்மை இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு புள்ள. புள்ள சீக்கு வந்து பொழைச்சா, பொறக்காத புள்ள பொறந்தா, வேண்டிக்கிட்டவங்க கொண்டாந்து நிறுத்துவாங்க. நிறுத்திட்டா அது சாமி புள்ள. நீங்க இப்ப பையில போட்டது ஒரு பொம்பளப் புள்ள.”

“எடுத்தா என்ன ஆவும்?”

“என்ன ஆவும்னு எனக்குத் தெரியாது சார். எடுத்தவன் எவனையும் நான் பாத்ததில்ல. உங்களைத்தான் மொத மொத பாக்கறேன்.”

அமிர்தலிங்கத்தின் கை ஜிப்பின் மேலேயே நின்றது. “யாரு வச்சது இதை?”

“இந்தக் குலசாமிக்குப் பாத்தியப்பட்ட பொண்ணு. பெரம்பலூர்ல வாக்கப்பட்டிருக்காம். ஐப்பசி மழைல புள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வெட்டு வந்திருக்கு. கண்ணு மேல சொருவிப்போச்சு, வாயில நுரை. வூட்ல ஆம்பள இல்ல. தெருவெல்லாம் தண்ணி, வண்டி கெடையாது.”

“ஆம்பள எங்க?” அந்தக் கேள்வியை அமிர்தலிங்கம் கேட்கவில்லை. அவன் வாய்தான் கேட்டது.

“அதைக் கேளுங்க! அந்தப் படுபாவி பொம்மை வாங்க மெட்ராசுக்குப் போயிருந்தானாம் சார்! வளந்த ஆம்பள, பொம்மை! நான் நம்பவே இல்ல. அந்தம்மா சிரிக்கவும் இல்ல, அழுவவும் இல்ல, சும்மா சொல்லுது. புருஷனோட சினேகிதக்காரன் ஒருத்தரு, அரியலூருக்காரரு, பொம்மை வந்துருச்சான்னு பாக்க அன்னிக்குன்னு வந்திருக்காரு. அவருதான் புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு மழைல ஆஸ்பத்திரிக்கு ஓடுனாராம். டாக்டர் கைய விரிச்சுட்டாரு. அப்பதான் அந்தம்மா இந்தச் சாமியை வேண்டிக்கிச்சு.”

அமிர்தலிங்கம் குதிரைக் காலைப் பிடித்துக்கொண்டான்.

சென்னையிலிருந்து திரும்பிய அந்தக் காலை. கையில் பெட்டி. கட்டிலில் கண்ணகி தூங்கிக்கொண்டிருந்தாள். புறங்கையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, பார்த்தான், கேட்கவில்லை. ‘புள்ளைக்குக் காய்ச்சல் வந்து…’ என்று புஷ்பவல்லி ஆரம்பித்தாள். ‘காய்ச்சல்தானே, இங்க பாரு யாரு வந்திருக்கான்னு!’ என்று அவன் பெட்டியைத் திறந்தான். அதற்குப்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

“புள்ள பொழைச்சு ஒடம்பு தேறுனதும் போன மாசம் வந்தாங்க” என்றான் பாவாடை. “அந்த சினேகிதக்காரரும் கூட வந்தாரு. என்கிட்ட மண்பொம்மை வாங்குனாங்க. மஞ்சள் வச்சுக் குடுத்தேன். நிறுத்தப்போற நேரத்துல, இது வேணாம்னு மண்ணைப் பையில வச்சுட்டு, அதுலேர்ந்து இந்த நீலத்தை எடுத்தாங்க. பிளாஸ்டிக்கா இருக்கேம்மான்னேன். ‘எங்க வூட்ல இதுக்குத்தாங்க மதிப்பு. சாமிக்கு மதிப்பானதைத்தானே குடுக்கணும்’னு சொன்னாங்க. அந்தச் சினேகிதக்காரரு பாவம், கண்ணு கலங்கிருச்சு. ‘இது ஒண்ணுதாங்க இருக்கு, வேற கெடைக்காது’ன்னாரு. ‘எனக்கும் ஒண்ணுதாண்ணே இருக்கு’ன்னாங்க அந்தம்மா.”

பாவாடை பீடியைக் காதிலிருந்து எடுத்தான். பற்றவைக்கவில்லை. எதிரில் நிற்கும் ஆளின் முகத்தை, தோளில் தொங்கும் கேமராவை, குதிரைக் காலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

“நீங்க யாரு சார்?”

அமிர்தலிங்கம் ஜிப்பைத் திறந்தான். இடிமகளை எடுத்து, போர்வையில் காய்ந்திருந்த எச்சத்தைத் துடைக்கப் போனான்.

“தொடைக்காதீங்க. இருந்த மாதிரியே வைங்க. மூஞ்சி கிழக்கப் பாக்கணும்.”

வைத்தான். அவன் வைத்ததும் அது சாய்ந்தது. ஐயோ என்று வாய்விட்டுக் கத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மண்ணை அணைத்து, காலை ஊன்றி, கையை எடுக்கப் பயந்து அப்படியே குந்தியிருந்தான். மஞ்சள் கயிறு கழுத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“நின்னுருச்சு சார்” என்றான் பாவாடை, இந்த முறை மெதுவாக. “விடுங்க. நல்லாத்தான் நிக்குது.”

“புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதே? நான் எடுத்துட்டேனே! பையில போட்டுட்டேனே!”

“வூட்டுக்குப் போய்ப் பாருங்க” என்றான் பாவாடை.

பஸ் எப்போது வந்தது, எப்படி ஏறினான், அமிர்தலிங்கத்துக்குத் தெரியாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் அந்த டிரைவர் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். ‘போய்யா, போய்யா’ என்று இவன் முன்சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஸ்டூடியோக் கதவு அவன் விட்டுப்போன மாதிரியே திறந்து கிடந்தது. விளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. கருப்புத் துணிக்கு முன்னால் ஆறு வீரர்கள் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினான்.

கண்ணகி நடுவீட்டில் உட்கார்ந்து வெறும் டப்பா ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அமிர்தலிங்கம் அவள் எதிரில் அப்படியே உட்கார்ந்தான். அந்தப் புறங்கையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஊசி குத்தின தடம் இன்னும் இருக்குமோ? கையை நீட்டினான். பாதியில் நின்றது.

அடுப்படி வாசலில் புஷ்பவல்லி நின்றிருந்தாள். அவன் முழங்காலில் ஒட்டியிருந்த தோப்பு மண்ணைப் பார்த்தாள். கேமராப் பையிலிருந்து எட்டிப்பார்த்த சின்னதுரையின் துண்டைப் பார்த்தாள். எங்கே போய்விட்டு வருகிறான் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“எடுத்துட்டு வந்துட்டீங்களா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

புஷ்பவல்லி பாதியில் நின்ற அவன் கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“தூக்குங்க. உடைஞ்சிற மாட்டா.”