சரோஜாவைப் பற்றி எழுதியது

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் டாக்டர் பரசுராமன் டிஸ்பென்சரி வைத்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய நண்பன் ரகுபதிக்குக் கோயம்புத்தூரில் பெரிய பிராக்டிஸ். மெட்ராஸில் மருத்துவம் படித்தபோது இரண்டு பேருக்கும் ஹாஸ்டலில் ஒரே அறை. அனாடமி புத்தகத்துக்குள் நாவலை ஒளித்து வைத்துப் படித்து, ஒரே வருஷம் சேர்ந்து பெயிலானவர்கள்.

பிரிந்த பிறகு மாதம் இரண்டு கடிதம் தவறியதில்லை. படித்த புத்தகத்தைப் பற்றி நாலு பக்கம், அதை வைத்துச் சண்டை இரண்டு பக்கம், கடைசியில் பார்த்த நோயாளிகளைப் பற்றிக் கொஞ்சம். பரசுராமனுக்கு ஊரில் புத்தகம் பேச வேறு ஆள் கிடையாது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியின் நாடியைப் பிடித்தபடியே வாசலை எட்டிப் பார்ப்பார்.

ரகுபதி நாலைந்து வருஷமாகக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தான். எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் அவனுடைய கதை வந்தது. பரசுராமன் டீக்கடையிலேயே நின்றுகொண்டு படித்தார். இரண்டாவது பக்கத்தில் டீ ஆறிப்போனது.

கதையில் வல்லக்கோட்டை முருகன் கோவில் இருந்தது. கோவிலுக்குப் பின்தெருவில் ஒரு பெண். புருஷன் சிங்கப்பெருமாள் கோவில் பஸ்ஸில் கண்டக்டர். அவளுடைய முழங்கையில் உணர்ச்சியில்லாத வெளுத்த படை. தலைநோவு என்று வீட்டில் சொல்லிவிட்டு டாக்டரிடம் போகிறாள். தொழுநோய்க்கான மாத்திரைகளைச் சீயக்காய் டப்பாவின் அடியில் ஒளித்து வைக்கிறாள். பெயர் மட்டும்தான் வேறு. மற்றதெல்லாம் அவரிடம் இரண்டு வருஷமாக மருந்து வாங்கும் சரோஜா. எல்லாமே பரசுராமன் போன தை மாதம் எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது. சில வரிகள் அப்படியே அவருடைய வரிகள்.

வல்லக்கோட்டையில் யார் கதை படிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை.

ஐந்தாம் நாள் சரோஜா வந்தாள். கையில் ஒரு துணிப்பை. வரிசையில் எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள். பஸ் ஷெட்டில் யாரோ கதையைச் சத்தம் போட்டுப் படித்திருக்கிறார்கள். உன் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறதே என்று அவள் புருஷன் கண்ணப்பனைக் கேலி செய்திருக்கிறார்கள். அவன் அந்தப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவந்து போட, நாத்தனார் மரகதம் படித்துவிட்டு நேராகச் சீயக்காய் டப்பாவைக் கவிழ்த்திருக்கிறாள். அன்றே சரோஜாவைப் பிள்ளைப்பாக்கத்துக்கு, அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் படுத்த பாயைக் கொளுத்தினார்கள்.

இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

"கோயிலு கீது, தெரு கீது, எங்க வூட்டுக்காரரு வேலை கீது, டப்பா கீது. டப்பா விஷயம் உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நீங்க சொல்லாம வேற யாரு டாக்டர் சொன்னது?"

பரசுராமனுக்குப் பொய் சொல்ல இடமிருந்தது. கதைதானே, தற்செயல் என்று சொல்லியிருக்கலாம். அவர், தான்தான் ஒரு நண்பனுக்கு எழுதினதாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

அன்று மத்தியானமே ரகுபதிக்கு எழுதினார். முதன்முறையாக 'அன்புள்ள' இல்லாமல் ஆரம்பித்தார். நீ டாக்டரா, திருடனா என்று கேட்டார். ஒரு பெண் தன் நோயை நம்பி ஒருவனிடம் சொன்னதைச் சந்தையில் கூவி விற்றிருக்கிறாய் என்றார். தன் கடிதங்களை எல்லாம் உடனே திருப்பி அனுப்பச் சொன்னார்.

மறுநாள் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு வல்லக்கோட்டைக்குப் போனார். கண்ணப்பன் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு இருந்தான். இது அடுத்தவர்களுக்குப் பரவாத வகை, இரண்டு வருஷமாக அவள் கையை உறையில்லாமல் தொட்டுப் பார்த்தவன் நான் என்று பரசுராமன் விளக்கினார். கதைக்குக் காரணம், கோயம்புத்தூர் நண்பனுக்குத் தான் எழுதிய கடிதம் என்பதையும் சொன்னார். மரகதம் உள்ளே இருந்தபடி, டாக்டருக்கே வெட்கமில்லை என்றாள்.

"அவ பயந்துகினு எங்கிட்ட மறைச்சா, அது எனக்குப் புரியுது," என்றான் கண்ணப்பன். "நீங்க ரெண்டு வருஷமா எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. நோயாளி விஷயம், சொல்லக்கூடாதுன்னு இருந்திருப்பீங்க. கோயம்புத்தூர்க்காரருக்கு மட்டும் இன்னாத்துக்கு எழுதினீங்க?"

நன்றாக எழுதியிருக்கிறாய் என்று ரகுபதி பாராட்டுவான் என்பதற்காக எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு பக்கத்தை மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதியது அவருக்கு நினைவிருந்தது.

ரகுபதியின் பதில் பத்து நாளில் வந்தது. பெயரை மாற்றிய பிறகும் கண்டுபிடித்துக்கொண்டது அந்த ஊர்க்காரர்களின் அற்பபுத்தி என்று எழுதியிருந்தான். ஒரு ஏழைப் பெண்ணின் தைரியத்தை ஆயிரக்கணக்கான பேர் படித்துக் கண்கலங்கியிருக்கிறார்களாம். வாசகர் கடிதம் ஒன்றையும் உடன் வைத்திருந்தான். எனக்கு எழுதிய கடிதங்கள் என்னுடையவை, திருப்பித் தர முடியாது என்றும் இருந்தது.

பரசுராமன் அதைப் படித்துவிட்டு நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அந்த வாசகர் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். பிறகு கார்டில் எழுதினார்:

'அவள் என்னிடம் சொன்னது எனக்குச் சொந்தமில்லை. உனக்குத் தர எனக்கு உரிமை கிடையாது. தந்தது என் குற்றம். அதை நான் அவள் புருஷன் முன்னால் நின்று சொல்லிவிட்டேன். நீ ஒருமுறை இங்கே வந்து அவளிடம் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.'

ரகுபதி வரவில்லை. எழுதவும் இல்லை. தபால்காரர் மணி அடித்துக்கொண்டு தாண்டிப் போவார். பரசுராமன் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஐப்பசியில் ஒருநாள் கண்ணப்பனும் சரோஜாவும் சேர்ந்து வந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்திருப்பதாகக் கண்ணப்பன் சொன்னான். வல்லக்கோட்டை வீட்டில் அவளை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவனும் அங்கே போவதில்லை. இனிமேல் செங்கல்பட்டில் இதற்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொள்ளப் போகிறார்கள், அங்கே கொடுக்க ஒரு சீட்டு வேண்டும். உங்களிடம் வரமாட்டோம் என்பதை அவன் தனியாகச் சொல்லவில்லை.

பரசுராமன் எழுதி மடித்தார். சரோஜா கையை நீட்டித் தடுத்தாள்.

"படிச்சுக் காட்டுங்க. இன்னா எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

அவர் பிரித்து, இங்கிலீஷை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். எப்போது ஆரம்பித்தது, என்ன மருந்து, எவ்வளவு நாள், படை எவ்வளவு குறைந்திருக்கிறது. வீட்டாரால் ஒதுக்கப்பட்டவள், மிகுந்த மனவுறுதி உள்ளவள் என்று முடித்திருந்தார்.

"அது எதுக்கு அந்த டாக்டருக்கு?" என்றாள்.

பரசுராமன் பேனாவைத் திறந்து கடைசி இரண்டு வரிகளையும் படிக்க முடியாதபடி அடித்தார். அவள் குனிந்து பார்த்தாள். மை காயும்வரை காத்திருந்து, தானே மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கண்ணப்பன் அவசரப்படுத்தினான்.