முதலாளி கடித்த கட்டை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நானாக எழுத வந்ததல்ல. தம்பி கெஞ்சுகிறான். கால்நடை மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து, ரசீதின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். உள்ளே அவன் மகளின் முயல். பள்ளி விட்டதும் அவள் நேரே இங்கே வருவாள். முயலுக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"அக்கா, நீ கதை எழுதறவதானே. அவகிட்ட சொல்ல ஏதாவது ஒண்ணு யோசிச்சுக் குடேன்."

2

தொடக்கம்: 'முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க மரம் இல்லாவிட்டால்—'

சீச்சீ, பாடப்புத்தகம். ஆனால் வினை ஆரம்பித்தது இங்கேதான்.

தம்பி மகள் அம்மாவிடம் வளர்ந்தவள், இப்போதுதான் அப்பனோடு இருக்க வந்திருக்கிறாள், ஒரு பெட்டியும் ஒரு முயலுமாக. முயலின் பெயர் முதலாளி. வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குமாம். வந்ததிலிருந்து அவள் அப்பனிடம் எதுவுமே கேட்டதில்லை, பசிக்கிறது என்றுகூட. போன வாரம்தான் வாயைத் திறந்தாள்: "அப்பா, முதலாளி கடிக்க ஆப்பிள் மரக் குச்சி கிடைக்குமா?"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

3

தம்பி மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடுபவன். ஒரு கிளையைத் தேடிப் பிடித்துப் பட்டையை உரித்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். வார்னிஷ் அடித்துக் காயவைத்து, மேலே இன்னொரு கோட்டிங். இன்று காலை அவள் பள்ளிக்குப் போனதும் கூண்டில் வைத்தான், வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று. மதியத்துக்குள் முயல் தீனியைத் தொடாமல் சுருண்டுவிட்டது.

(அடிக்குறிப்பு: பூச்சிமருந்தோ வார்னிஷோ படாத, காய்ந்த வெறுங்கிளையே போதும். பட்டைதான் முயலுக்கு ருசியாம். எனக்கும் இன்றுதான் தெரியும்.)

"வெறும் கட்டையையா குடுக்கச் சொல்ற? பட்டறையில ஒரு முக்காலிகூட நான் அப்படிக் குடுத்ததில்லக்கா. இது அவ கேட்டது!"

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். இப்படி ஒரு மடையன் இருப்பானா என்று கேட்பீர்கள். இருக்கிறான், பக்கத்து நாற்காலியில் நகத்தைக் கடித்துக்கொண்டு. ஓங்கி ஒன்று போடலாம் போலிருக்கிறது. பாவமாகவும் இருக்கிறது.

4

முடிவு அ: பக்கத்து வீட்டுக்காரர் கூண்டுக்குள் எதையோ போட்டு— [அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? கோடு போட்டு அடித்தாயிற்று.]

முடிவு ஆ: முதலாளிக்கு வயதாகிவிட்டது, கண்ணே— [குட்டியிலிருந்து வளர்த்தவளிடமா?]

முடிவு இ: 'நான்தாம்மா வச்சேன்' என்கிறான். அவள் பெட்டியை எடுத்து—

எட்டிப் பார்த்தவன் என் பேனாவைப் பிடித்துக்கொண்டான்.

"அத எழுதாத. தெரிஞ்சா அம்மாகிட்டயே போயிடுவா."

"சொல்லலன்னா?"

"என்கூட இருப்பா."

"உன்கூடவா? நான் எழுதிக் குடுக்கற அப்பன்கூடடா!"

பேனாவை விட்டான்.

5

உள்ளறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. வாசல் கதவு திறந்தது. புத்தகப் பையோடு ஓடி வந்தவள் என்னைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, முதலாளி என்னத்தத் தின்னுச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ரசீதை மடித்துவிட்டேன். இனி எழுதுவதாக இல்லை.

அவன் அடுத்தபடியாக உங்களைத்தான் பார்ப்பான். தயவுசெய்து யாரும் அவனுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.