தணிகாசலம் நகரில் விட்டுப்போன மூலை

எங்கள் ஊர் நுழைவாயில் வளைவில் தணிகாசலம் நகர் என்று எழுதியிருக்கும். அந்தத் தணிகாசலம் இன்னும் முதல் தெரு முதல் வீட்டில்தான் இருக்கிறார். தொண்ணூறைத் தொடுகிற வயது. அறுபதுகளில் ஒரு தடவை சட்டசபைக்குப் போனவர். அந்தத் தேர்தலில் அவரிடம் தோற்றது சொந்த அண்ணன். தோற்ற கடுப்பில், பெரிய காஞ்சிபுரத்து வீட்டிலிருந்து தம்பி பெண்டாட்டியின் சட்டிபானைகளைத் தூக்கித் தெருவில் வைத்தார். பூவம்மாள் அழவில்லை. எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு, "பொணமாக்கூட இந்தத் தெருவுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிக் கிளம்பினார்.

அந்த வார்த்தைக்காகவே தணிகாசலம் முள்ளுக்காட்டை வெட்டி ஓர் ஊர் போட்டார். பள்ளிக்கூடம், பஸ், ரேஷன் கடை எல்லாம் அவர் கொண்டுவந்தவை. சட்டசபையில் எழுந்து கேட்பார். கிடைக்காவிட்டால் மந்திரி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்.

மனைப்படத்தில் ஒரு மூலையை மட்டும் அவரே அடித்துவிட்டார். சர்வேயர் அங்கே சுடுகாடு என்று குறித்திருந்தார். "அத்தப் பாத்துட்டு எவன்யா குடி வருவான்?" என்றாராம். வியாபாரியாக நான் அதைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஜவுளிக்கடையிலும் காலையில் முதல் வியாபாரமாகக் கோடித்துணி எடுத்துப் போடமாட்டோம். அந்த மூலையில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது.

இத்தனை வருஷமும் அந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை. இங்கே யார் செத்தாலும் சொந்த ஊருக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ஒருவருக்குத் திருப்புட்குழி, இன்னொருவருக்குத் தென்னேரி. வாழ்வதற்குத்தான் எங்கள் நகர்.

போன வாரம் பூவம்மாள் இறந்தார். பிள்ளைகள் இல்லை. ஐஸ் பெட்டி இறக்கியவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"எந்த ஊருக்குப்பா எடுக்கறீங்க?"

தணிகாசலம் அவனை நிமிர்ந்து பார்த்தார். "இதாம்பா ஊரு."

பக்கத்துக் கிராமத்துச் சுடுகாட்டைக் கேட்கலாம் என்று அவரை நான்தான் அழைத்துப் போனேன். அந்த ஊர்த் தலைவர் மாணிக்கவேல் எழுந்து வந்து நாற்காலி போட்டார். "எங்கப்பா உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டாருங்க ஐயா" என்றார். கேட்காமலே டீ வந்தது. விஷயம் பேசுவதற்கு முன் டீ வந்தால் பேரம் படியாது. அது எங்கள் தொழிலில் கண்டது.

"இன்னிக்கி ஆயாவுக்கு வுட்டா, நாளைக்கி உங்க நகரு பூரா இங்கதான் வரும். எங்களுக்கே கையகலம் எடம். ஊர்ல ஒத்துக்க மாட்டாங்கய்யா."

"சுத்துச்சுவர் எடுத்துத் தர்றோம். தண்ணிக்கு போரும் போட்டுத் தர்றோம்" என்றேன்.

"செட்டியாரே, இது பொடவ இல்ல."

கல்யாணப் புடவைக்கு வந்து முறைத்துக்கொண்ட இரண்டு சம்பந்திகளைச் சிரிக்கவைத்து அனுப்பிய வாய் என்னுடையது. அன்றைக்கு டீயைத்தான் குடித்தது.

திரும்பி வந்ததும் தணிகாசலம் கட்சி ஆபீசுக்குப் போன் போட்டார். பெயரைச் சொன்னார். எடுத்த பெண் நல்ல மரியாதையாகப் பேசினாள்.

"தணிகாசலம் நகர்ல என்ன பிரச்சனை சார்? தண்ணி வரலியா?"

"தண்ணி வருதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைசியில், வீட்டுக் கொல்லையிலேயே அடக்கம் செய்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்து வீட்டுச் சந்தியா தலைகுனிந்து நின்றாள். "தாத்தா, பசங்க ரூம் ஜன்னல் அந்தப் பக்கந்தான் இருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க." அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மாமனாருக்குக் கூப்பிட்டு மனை கொடுத்தவரே அவர்தான்.

மிச்சம் இருந்தது காஞ்சிபுரத்து எரிமேடை ஒன்றுதான். சாயங்காலம் அமரர் ஊர்தி வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார், எதிரே நான்.

"அந்தத் தெரு வேணாம்பா. சுத்திக்கினு போ."

"சுத்து வழியில பாலம் வேல நடக்குது ஐயா. வண்டி போவாது" என்றான் டிரைவர்.

தணிகாசலம் என்னைப் பார்த்தார்.

வண்டி வளைவைத் தாண்டியது. பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெரு முனை வந்ததும், அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். பெட்டியின் கண்ணாடியில் பூவம்மாள் முகம் தெரிந்த இடத்தில் அதை விரித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வெரசாப் போப்பா" என்றார்.

முன்னால் ஒரு பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் முட்டிக்கொண்டு நின்றன. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தான். நாங்கள் நின்றது அண்ணன் வீட்டு வாசலில்.