இரண்டு முனையிலும் 1310

சாலவாக்கம் ஏரிக்கரையோரம் செங்கேணி மூன்று நாளில் மூன்றாவது முறையாக அதே குழியைத் தோண்டி, கறுப்புக் கேபிளை வெளியே இழுத்துப் போட்டாள். கண்ணாடி இழைகளை ஒட்டுகிற அருள்தாஸ் குந்தி உட்கார்ந்து மிச்சத்தை அளந்தான். வெட்டி ஒட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் போய்விடும். இனி ஒரே ஒரு தடவைக்குத்தான் கேபிள் வரும்.

கேபிளின் மறுமுனையான உத்திரமேரூரிலிருந்து இன்ஜினியர் சிவகுமார் செல்போனில் கத்தினார்.

"லிங்க் வரலை. உன் ஜாயின்ட்தான் கோளாறு. வெட்டி ஒட்டு. இதுக்கும் வரலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன் சார். உங்க வெளிச்சம் நல்லா வந்துகினு கீது. ஆனா 1310-ல வருது. இங்க சாலவாக்கம் பொட்டில கீற மாட்யூலும் 1310-லதான் அனுப்புது. ரெண்டுல ஒண்ண மாத்தணும் சார்."

ஒரே இழையில் வெளிச்சம் போகவும் வரவும் வேண்டுமென்றால், ஒரு முனை 1310 அலைநீளத்தில் அனுப்பி 1550-இல் வாங்க வேண்டும். மறுமுனை அதற்கு நேர்மாறு. வெளிச்சத்தை அனுப்பி வாங்கும் மாட்யூலில் இரண்டு முனையிலும் ஒரே ரகத்தைச் செருகிவிட்டுக் கேபிளைக் குறை சொன்னால் என்ன செய்வது? ஏழு வருடமாகக் குழிக்குள் கிடந்தவனுக்குத் தெரிந்தது, மாட்யூல் வாங்கிய மனிதருக்குத் தெரியவில்லை.

"குழிக்குள்ள உக்காந்துக்கிட்டு எனக்கு வேவ்லென்த் பாடம் எடுக்கறியா? வெட்டுடா!"

அருள்தாஸ் போனை அணைத்தான்.

"நல்லா கீறத எதுக்குண்ணா வெட்டணும்?" என்றாள் செங்கேணி.

"வெட்டல." ஒட்டும் மெஷினைத் தூக்கி பைக்கில் கட்டினான்.

உத்திரமேரூர் அறைக்குள் நுழைந்ததும் கேபிள் வந்து சேரும் பெட்டியில் செருகியிருந்த மாட்யூலை உருவி, சிவகுமாரின் முகத்துக்கு நேரே நீட்டினான். "படிங்க சார். இன்னா போட்டுக்கீது?"

சிவகுமார் படித்தார். மேசை டிராயரைக் கிளறி 1550-இல் அனுப்பும் மாட்யூலை எடுத்துச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. உடனே ஆபீசுக்குப் போன் போட்டார்.

"லிங்க் வந்துடுச்சு சார். ஜாயின்ட்தான் மோசம். அந்த ஆளை நிறுத்திட்டேன்."

அருள்தாஸ் போனுக்கும் கேட்கும்படி கத்தினான். "எந்த ஜாயின்ட் சார்? நான் இன்னிக்கு கையே வெக்கல! மாட்யூல தப்பா போட்டது நீங்க!"

"சத்தம் போடாதே. மெஷினை இறக்கி வச்சுட்டுப் போ."

அவன் பைக்கிலிருந்து மெஷினை அவிழ்த்து வந்து மேசைமேல் டமாரென்று வைத்தான். சிவகுமார் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, பேனாவோடு அவனிடம் நீட்டினார்.

"போறதுக்கு முன்னாடி எந்த முனைக்கு எந்த நம்பர்னு எழுதி ஒட்டிட்டுப் போ. புதுசா வர்றவன் தப்பு பண்ணிடக் கூடாது."