பார்ப்பவரை நோக்கித் திரும்பும் பெண்

...இல்லை, திரையில் இவளை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் வாசல் தெரியும், தள்ளினேன், இப்போது தொட்டிச் செடி மறைகிறது, செடியை யார் கேட்டார்கள், சாருக்கு ஆள்தான் வேண்டும். எந்தக் கட்டடத்தின் மாதிரியைக் கணினியில் செய்தாலும் கடைசியில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார், "அந்தப் பை மாட்டின பொண்ணப் போடும்மா, அவ நடந்து வந்தாத்தான் படத்துக்கே உயிர் வருது." அந்தப் பொண்ணு நான்தான் என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளைச் சுவரோரமாக எல்லோரையும் நடக்கவிட்டு அவரே எடுத்த படம், பின்னணியை வெட்டி எறிந்து மென்பொருளில் ஏற்றி வைத்தோம், கதவு எவ்வளவு உயரம் என்று தெரிய பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டுமே... மற்றவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள், அவர்களுடைய படங்களும் போயின, நான் மட்டும் ஒட்டிக்கொண்டேன். வங்கியில் நடந்திருக்கிறேன், மருத்துவமனையில், பள்ளிக்கூடத்தில், கடைசிவரை கட்டப்படாத ஒரு வணிக வளாகத்தில்கூட... தூக்கிய காலை இன்னும் கீழே வைக்கவில்லை.

இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் அந்த இன்னோர் அலுவலகத்தில் நான் அடுத்தவர் வரைந்ததற்கு வெயிலும் நிழலும் போட வேண்டாம், கட்டடத்தையே வடிவமைக்கலாம், அதற்குத்தானே படித்தேன்? அக்கா காலையிலிருந்து போனில் நச்சரிக்கிறாள், சொல்லிட்டியா, சொல்லிட்டியா என்று. கணவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார், அந்த ஒரே பதிலை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டார் மனிதர். சார் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்... குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோதெல்லாம் முகம் சுளிக்காமல் வீட்டுக்கு அனுப்புவார். நல்லவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

ஒரே ஒரு தடவை இவளை வாசல் பக்கம் திருப்பிப் பார்த்தால் என்ன? திருப்பினேன், என்னைப் பார்த்தே நின்றாள், மாதிரியைச் சுற்றிப் பின்பக்கம் போனேன், அங்கேயும் என்னைப் பார்த்தாள். தெரியாதா எனக்கு? வெறும் தட்டைப் படம், யார் எங்கிருந்து பார்த்தாலும் அவர்கள் பக்கமே திரும்பும்படி அமைத்தவளே நான்தான். அதை நீக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதிலுள்ள குறியை எடுத்தால் போதும், இத்தனை வருடமும் அது அங்கேயேதான் இருந்தது... எடுத்தேன். மெதுவாகச் சுற்றினேன். அவள் திரும்பவில்லை. மெலிந்தாள், இன்னும் மெலிந்தாள், பக்கவாட்டில் வந்தபோது ஒரு கோடு, பிறகு கோடும் இல்லை, ஆளற்ற வாசல் மட்டும் திறந்து கிடந்தது. பார்க்கிறவர் பக்கம் திரும்பாவிட்டால் நான் இவ்வளவுதானா?

பின்னால் செருப்புச் சத்தம்.

"எங்கம்மா அந்தப் பொண்ணு?" என்றார் சார்.

"இங்கதான் சார் இருக்கா, எங்க போயிடப் போறா."

சொல்லி முடிப்பதற்குள் விரல் அந்தக் குறியைத் திரும்பப் போட்டிருந்தது, அவள் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினாள், சார் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். மேசைமேல் போன் அதிர்கிறது, அக்காதான்... சார் கேட்டது எங்கே என்று மட்டும்தான். எங்கே போய்விடப் போகிறாள் என்று சொன்னது நான்.