பேனரில் ஒரு வரி

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. கொடைக்கானலில் காலை முதல் தூறல். நண்பகலுக்குப் பின் மேகம் இறங்கி வந்து வாசலிலேயே நின்றது.

சுஜிதா முக்காலியின் மேல் ஏறி, தந்தையின் கண்ணீர் அஞ்சலிப் பேனரில் பிளேடை வைத்தாள். மரியஅந்தோணி என்னும் பெயருக்குக் கீழே ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது.

“அக்கா, கிழிக்காத. ஒரு மருவாதைக்குத்தான் போடச் சொன்னேன்,” என்றான், முக்காலியைப் பிடித்திருந்த தம்பி ரெக்ஸ்.

“அப்பா பட்டாளத்து வாசல மிதிச்சதே இல்லடா. இது அவரு காதுல விழுந்திருந்தா ஒன்ன ஜீப்ப விட்டு எறக்கி விட்டிருப்பாரு.”

முந்தைய நாள் விடியலில் மாரடைப்பால் இறந்த மரியஅந்தோணி, ஜீப் ஓட்டிப் பிழைத்தவர். கூக்கால், பூண்டி ஊர்களில் வாழும் முதிய படைவீரர்களை இருபத்திரண்டு ஆண்டுகளாக, மலைக்குக் கீழே இருக்கும் போர் நினைவுத்தூணுக்குக் கூலி வாங்காமல் அழைத்துச் சென்றவர். தம்முடன் போரிட்டு மாண்டவர்களின் பெயர்களை அவர்கள் விரலால் தடவிப் பார்க்கும்வரை, தூணைச் சுற்றியுள்ள சங்கிலிக்கு வெளியே நிற்பார். உள்ளே அழைத்தால், “அது அவங்க எடம்” என்பார். அவர் தாண்டாத சங்கிலியை இந்தப் பேனர் தாண்டிவிட்டது. அதுதான் சுஜிதாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்று மணிக்கு அடக்கப் பூசை. அவ்வீரர்கள் வந்து படிப்பதற்குள் அந்தப் பொய் போய்விட வேண்டும்.

பிளேடு இறங்குமுன், வீரர்களை ஏற்றிய கூக்கால் வேன் வந்து நின்றது. ஹவில்தாராக ஓய்வு பெற்ற பொன்னுவேல், எண்பத்தொரு வயதுக்காரர், கோலூன்றி முதலில் இறங்கினார். கண்ணாடியை உயர்த்திப் பேனரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“ஏலே ரெக்ஸு, ஒங்கப்பன் எந்த ரெஜிமென்ட்டுலே?”

ரெக்ஸ் தலை குனிந்தான்.

“தப்பு எங்களோடதுதான் பெரியப்பா. இப்பக் கிழிச்சிர்றேன்,” என்றாள் சுஜிதா.

“அந்தோணி பேருக்குக் கீழ ஓட்டையா? பொறு தாயி. அந்தாளு பட்டாளத்தான் இல்லதான். ஆனா போன வருசம் முட்டி பிடிச்சுக்கிட்டு நான் தூணுக்குப் போற படியில ஒக்காந்துட்டேன்; சங்கிலி வரைக்கும் முதுகுல சொமந்தாரு. எங்களுக்கெல்லாம் அவருதான் தொணை.”

சுஜிதா பள்ளியில் தமிழாசிரியை. ‘வீரர்’ என்னும் சொல்லுக்கு வலப்புறம் அச்சகத்தார் விட்டிருந்த வெற்றிடம் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. பிளேடைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்து மார்க்கரை எடுக்கச் சொன்னாள். ‘களுக்குத் துணை’ என்று, அச்செழுத்தின் உயரத்துக்கு, நிதானமாக எழுதிச் சேர்த்தாள்.

“முன்னாள் ராணுவ வீரர்களுக்குத் துணை,” என்று பொன்னுவேல் உரக்கப் படித்தார். “இப்ப சரி. எழுத்துதான் கொஞ்சம் கோணலாக் கெடக்கு.”

“முக்காலி ஆடுது பெரியப்பா.”

“ரெக்ஸு பிடிச்சா ஆடத்தான் செய்யும்.”

ரெக்ஸ் நிமிர்ந்து, இரண்டு நாளில் முதன்முறையாகச் சிரித்தான்.

கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டபின் உறவினர் கலைந்தனர். வீரர்கள் மட்டும் வேனருகே வரிசையாக நின்றார்கள்; ஒருவரும் ஏறவில்லை.

“பனி எறங்குது பெரியப்பா. வெரசா ஏறுங்க.”

“ஆள் எண்ணாம வண்டிய எடுக்க மாட்டாரு ஒங்கப்பா,” என்றார் பொன்னுவேல்.

சுஜிதா மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டு, ஒன்று என்றாள். பிறகு அடுத்தவரை. பதினோராமவர் ஏறி அமர்ந்ததும் கதவைச் சாத்தினாள். மணி நான்கு ஐம்பத்திரண்டு.